வசந்தாமணியின் இரண்டு வரிச் சூத்திரம்

நாமக்கல் டேங்கர் லாரிப் பட்டறைக்கு வசந்தாமணி வந்து பதினாலு வருஷம் ஆகிறது. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, கொட்டேஷன் தட்டச்சு செய்ய வந்து உட்கார்ந்தவள். டேங்குக்குள் குச்சியை விட்டு, எத்தனை சென்டிமீட்டர் நனைகிறது என்று பார்த்தால் உள்ளே எத்தனை லிட்டர் என்று சொல்லும் அட்டவணை ஒவ்வொரு லாரிக்கும் வேண்டும். அதை வெளியே கொடுத்துத்தான் போட்டு வாங்கினார்கள். போன மாசம் அவளே அதற்கு இரண்டே வரியில் ஒரு சூத்திரம் கட்டிவிட்டாள். படித்த படிப்பு ஒருவழியாக வேலைக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

வழக்கமாக அட்டவணை போடும் அஸ்தம்பட்டி என்ஜினியர் குணசீலனின் சூத்திரமோ அரைப் பக்கம். நாலு உயரத்துக்கு இரண்டும் ஒரே லிட்டர் காட்டுவதைக் கணக்குப் போட்டு அவருக்கு அனுப்பினாள். "நாலு உயரத்துக்கு ஒத்துப்போனா போதாதுங்க. எல்லா உயரத்துக்கும் ரெண்டும் ஒண்ணுன்னு காட்டணும்" என்று போனில் சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுதான். முதலாளி சின்னண்ணன் சாயங்காலம் வரை நேரம் கொடுத்தார்.

"காட்டிப்போட்டீன்னா இனி அட்டவணை வேலை உன்றது. இல்லீன்னா பழையபடி கொட்டேஷனே அடி சாமி."

என்ஜினியரின் சூத்திரத்தைக் கையால் சுருக்கிப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு குறி மாறி எல்லாம் பாழ். அப்புறம்தான் இயற்கணிதத்தைச் சுருக்கித் தரும் இலவச மென்பொருள் ஒன்றை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கினாள். அவர் சூத்திரத்திலிருந்து தன்னுடையதைக் கழித்து, சுருக்கச் சொன்னாள். அரைப் பக்கம் கண்ணெதிரே கரைந்தது. அடேயப்பா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு துண்டு மட்டும் போகமாட்டேன் என்று நின்றது. r-இன் வர்க்கத்துக்கு வர்க்கமூலம், அதில் r-ஐக் கழித்தது. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக வேண்டியதுதானே, என்ன கேடு இதற்கு? மணி நாலரை.

சின்னண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னங்குது அது?"

"r-ங்கறது டேங்கோட ஆரமுங்கண்ணா. அது மைனஸா இருந்தா இந்தத் துண்டு அடிபடாதுங்க. அதான் விடமாட்டீங்குது."

"மைனஸ் ஆரத்துல எவன் டேங்கு உருட்டுவான்?"

வசந்தாமணிக்குச் சுரீரென்று உறைத்தது. தகடு உருட்டுவதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் டேங்கைக் கண்டதா, லாரியைக் கண்டதா? அதனிடம் யாரும் சொல்லவே இல்லை. r பூஜ்யத்தைவிடப் பெரியது என்று ஒரு வரி அடித்து, மறுபடி சுருக்கச் சொன்னாள்.

திரையில் 0.

சின்னண்ணனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "முட்டையா? அப்பப் போச்சா சாமி?"

"போகலீங்கண்ணா. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லீங்க, எந்த உயரத்துக்கும்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அத்தனையையும் படம் பிடித்து என்ஜினியருக்கு அனுப்பினார்கள். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "சரியாத்தான் இருக்குதுங்க" என்றார் குணசீலன். கொஞ்சம் தயங்கினார். "இனி அந்த ரெண்டு வரியையே நானும் வச்சுக்கட்டுங்களா?"

"அதை எங்க புள்ளையத்தான் கேக்கோணுமுங்க" என்று சின்னண்ணன் போனை வசந்தாமணியிடம் நீட்டினார்.