காய்ந்த குளத்து மீன்

ரூஃபிஜி ஆற்றுப் பக்கம் மழை பெய்தால் பள்ளங்களில் மீன் வந்துவிடும். விரல் நீளம், நீல உடம்பு, சிவப்பு வால். பள்ளம் காய்ந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. மழையோடு வானத்திலிருந்து விழுகிறது என்பது ஊர்ப்பேச்சு. சிவேமாவும் ஐம்பத்தெட்டு வயதுவரை அதையேதான் நம்பினாள்.

அதனால்தான் சாலை போட அளக்க வந்த மேற்பார்வையாளன் சாண்டே, அவள் வயலோரம் காய்ந்து கிடந்த குளத்தைக் காட்டி, "இந்தக் குளத்துல மீன் உண்டாம்மா?" என்று கேட்டபோது, "மீன் மேல இருக்கு தம்பி, மழையோடதான் இறங்கும்" என்று சத்தியமாகச் சொன்னாள். அவன் 'மீன் இல்லை' என்று எழுதிக்கொண்டான். மீன் இல்லாத குளத்தை மூடத் தடையில்லை. அவளுடைய நெல்லுக்கோ அந்தக் குளத்தை விட்டால் தண்ணீர் கிடையாது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள், பாவி.

குளத்தை மூட மண் லாரி வருவதற்கு முந்தின நாள், சுவர் பூசுவதற்காகக் குளத்து மண்கட்டிகளை வீட்டுக்குள் ஒரு பேசினில் ஊறப் போட்டாள். காலையில் பார்த்தால் தலைமுடி கனத்தில், கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள். கூரைக்குக் கீழே எந்த மழை பெய்தது? அப்படியானால் முட்டை காய்ந்த மண்ணுக்குள்தான் கிடந்திருக்கிறது. குளத்துப் பக்கம் லாரி உறுமும் சத்தம் கேட்டது. பேசினோடு ஓடினாள்.

சாண்டே எட்டிப் பார்த்துச் சிரித்தான். "எந்த ஆத்துல பிடிச்சீங்க?"

"ஆத்துல இல்ல, இந்த மண்ணுல வந்தது. என்னை நம்ப வேணாம். உன் கையால மண்ணை எடு, உன் பாட்டில் தண்ணியில போடு. மதியம்வரை பொறு."

"ஒண்ணும் வரலைன்னா?"

"மொத லோடை என் மேலயே கொட்டு."

டிரைவர் உள்ளூர்க்காரன். கேட்காமலே இன்ஜினை அணைத்தான். "எங்கம்மாவும் வானத்துலேர்ந்துதான்னு சொல்லும் சார். பாத்துடலாமே."

சாண்டே நடுக்குளத்தில் ஒரு கட்டியைப் பெயர்த்துப் பாட்டிலில் திணித்தான். வெயில் ஏறியது. தண்ணீர் சேறாகவே கிடந்தது. சிவேமா லாரிக்கு முன்னால் நின்றபடி பாட்டிலையே பார்த்தாள். பகல் தொழுகைக்கு அழைப்பு கேட்டதும் சாண்டே எழுந்தான். "போதும்மா. வண்டிய எடுப்பா."

டிரைவர் சாவியைத் தொடவில்லை. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "சார், இங்க பாருங்க."

இரண்டு கண்கள், ஒரு நூல் வால். பக்கத்தில் இன்னொன்று.

சாண்டே 'மீன் இல்லை' என்று எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, லாரியைத் திருப்பச் சொன்னான்.

அதுவரை நின்ற சிவேமா அந்த இடத்திலேயே, வெடித்த குளத்து மண்ணில் உட்கார்ந்தாள். மறுகணம் பதறி எழுந்து, கரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.