ஏழு பேருக்கு வேலை கொடுத்ததற்கு வரி

அன்றைக்கு எங்கள் தீப்பெட்டிக் கொட்டகையில் இருந்தவர்கள் நான், என் மச்சான், வரி அதிகாரி, குச்சி அடுக்கிக்கொண்டிருந்த ஏழு பெண்கள். ஆனைக்குட்டம் பக்கம் மழையில்லாமல் காடுகழனி வேலை நின்றுபோய் என்னிடம் வேலை கேட்டு வந்தவர்கள் அந்த ஏழு பேரும். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆள் கூடியதும் பெட்டியும் கூடியது. சின்னக் கம்பெனிக்கு வரி குறைவு. வருஷத்துக்கு இத்தனை பெட்டி என்ற அளவைத் தாண்டினால் அந்தச் சலுகை கிடையாது.

"தாண்டிட்டீங்க. இனிமே பெரிய கம்பெனி வரிதான் கட்டணும்" என்றார் அதிகாரி.

"கூரையப் பாத்தீகளா சார்? மழை பெஞ்சா பெரிய கம்பெனி குடையோட உக்காரணும்" என்றான் மச்சான்.

"மழை பெஞ்சா நாங்க ஏன் இங்கன வாரோம்?" என்றாள் பெண்களில் மூத்தவளான கருப்பாயி. அதிகாரிகூடச் சிரித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குச் சட்டம் தெரியாது.

"வேலையில்லாதவுகளுக்கு வேலை கொடுத்தா வரியக் குறைக்கணும் சார். கூட்டுறீகளே" என்றேன்.

"சட்டம் பெட்டியத்தான் எண்ணும். ஆளை எண்ணாது."

கையிலிருந்த பணமெல்லாம் வரிக்குப் போனது. சலுகையைத் திரும்பப் பெற, ஏழு பேரையும் வேலையிலிருந்து நிறுத்தினேன். அந்த வாரக் கூலி, அந்தக் காலத்தில் ஆளுக்கு நாலு ரூபாய், அதைக்கூடப் பிறகு தருகிறேன் என்றுதான் சொல்ல முடிந்தது.

"ஒங்க மொகத்தப் பாத்தா நாங்கதான் கூலி குடுக்கணும் போலருக்கு மொதலாளி" என்று சொல்லிவிட்டுக் கருப்பாயி இறங்கிப் போனாள்.

பணம் புரட்டி அவர்கள் ஊருக்குப் போவதற்குள் ஒரு மாதமாகிவிட்டது. பிழைப்புத் தேடி எங்கோ போய்விட்டார்களாம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூடும் இருக்கன்குடித் திருவிழாக் கூட்டத்தில் இன்றும் அந்த முகங்களைத் தேடுகிறேன். வரியில் ஒரு காசு பாக்கியில்லை. அவர்களுக்குத்தான் இருபத்தெட்டு ரூபாய் பாக்கி.