சம்போங் என்ற சொல்லும் அருளானந்தமும்

காலை நேரத்து நோயாளிகள் எடை பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. அருளானந்தத்தின் மனைவி பேசினார்.

"மேடம், இன்னைக்கு அவர் வரமாட்டார். அவரோட சேரை வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். விடியக்காலையில முடிஞ்சிடுச்சு."

கணவரின் மரணத்தைச் சொல்வதற்கு முன்னால் அவர் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். டயாலிசிஸ் நோயாளிகளின் வீடுகளில் எது முதலில் நினைவுக்கு வரும் என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. இந்த மையத்தின் நிர்வாகியாகப் பல வருடங்கள் இருந்துவிட்ட எனக்குப் புரிந்தது. "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

கிள்ளானில் நன்கொடையில் நடக்கும் எங்கள் அறநிதி மையத்தில் பலருக்கு அவர் ஜன்னலோரத்து நாற்காலியில் படுத்திருக்கும் அருள் அங்கிள். நிர்வாகக் குழுவினருக்கு அவர் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஏஜெண்ட். இரண்டு பேரும் ஒரே ஆள். அவருடைய கடைசி வருடங்களின் சிக்கல் முழுவதும் அதில்தான் இருந்தது. அவரை ஒரு பக்கம் மட்டும் அறிந்தவர்களுக்கு மறுபக்கத்தையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடையின் மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் மென்பொருளை அவர் விற்றார். ஒரு கம்ப்யூட்டர் எரிந்தாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும், அதில் இருந்ததையெல்லாம் இன்னொரு கம்ப்யூட்டரில் பழையபடி எழுப்பித் தரும் மென்பொருள். அதை ஒரேயடியாக வாங்கிவிட முடியாது. வருடா வருடம் சந்தா கட்டினால் ஒரு குறியீட்டு எண் வரும். அதைத் தட்டினால் அந்த வருடம் ஓடும். முதலில் ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். மாதம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். எங்கள் பகுதியில் கம்ப்யூட்டர் வாங்கவே யோசித்த காலம் அது. அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதற்குத் தனியாக ஒரு சந்தாவா என்று கேட்டவர்களிடம் அதை விற்பதுதான் அவர் பிழைப்பு.

எங்களிடம் அவர் விற்க வரவில்லை. ஒரு நாள் எங்கள் கம்ப்யூட்டர் செத்துப்போனது. நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொருவருடைய உடம்பிலிருந்தும் எவ்வளவு நீரை இயந்திரம் எடுக்க வேண்டும் என்பது, அதிகப்படி நீர் இல்லாதபோது அவருடைய எடை என்ன என்பதைப் பொறுத்தது. அந்த எடைகளும் போயின. சிஸ்டர் ரோஹானா ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்.

"அங்கிள், உங்க வெயிட் எவ்ளோ? ஞாபகம் இருக்கா?"

"அடப்பாவமே, என் தண்ணிக் கணக்க என்கிட்டயே கேக்குறியேம்மா. நான் கூட்டிச் சொன்னா என்ன செய்வ?" என்றார் அருளானந்தம். பிறகு என்னைக் கூப்பிட்டார். "மேடம், இதுக்குத்தான் நான் ஒரு சாமான் விக்கிறேன். ஒரு மாசம் போட்டுப் பாருங்க. என் வெயிட்டும் அதுக்குள்ளதான இருக்கு."

நோயாளியிடம் வணிகம் செய்வதில் எனக்குத் தயக்கம் இருந்தது. அதைக் குழுவிடம் சொன்னேன். இலவசம் என்ற சொல்லைக் கேட்டபின் என் தயக்கத்தை யாரும் பொருட்படுத்தவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் மென்பொருளைப் போட்டு ஒரு மாதம் முடிந்தது. வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு வந்தபோது எங்கள் தலைவர், கிள்ளானில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், ஒரு கேள்வி கேட்டார். "நல்லா வேல செய்யுதான்னு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் கெட்டாத்தான தெரியும்? இந்தப் புதுசு இன்னும் கெடலயே. இன்னும் ஒரு மாசம் பாப்போம் லா."

தர்க்கப்படி அதில் குறை காண முடியாது. பேரிடருக்காக ஒரு பொருளைச் சோதிக்கிறோம் என்றால், பேரிடர் வரும்வரை சோதனை முடியாது. அந்த ஒரு வாதத்தில் மாதங்கள் ஓடின. மாத முடிவில் யாராவது ஒருவர் ஜன்னலோர நாற்காலிக்குப் போய், "அங்கிள், சம்போங் பண்ணிடுங்க" என்பார்கள்.

சம்போங் என்ற மலாய்ச் சொல் வேலை ஒப்பந்தத்தை நீட்டுவதற்கும் குழாயோடு குழாயை இணைப்பதற்கும் ஒன்றுதான். ஊசி குத்தியபின் குழாயை இயந்திரத்தோடு பொருத்தும்போதும் எங்கள் தாதியர் அதையே சொல்வார்கள். "அங்கிள், சம்போங் பண்ணவா?" என்று ரோஹானா கேட்டால், "எத? என்னையா, உங்க ஆபீஸ் கம்ப்யூட்டரையா?" என்பார். சுற்றியிருக்கும் நோயாளிகள் சிரிப்பார்கள். அந்த வேடிக்கை எனக்குப் பிடிக்கவில்லை. அது வேடிக்கை இல்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நிறுவனத்துக்கு ஒரு தடவைக்குமேல் சோதனை எண் கொடுக்கக் கூடாது என்பது சிங்கப்பூர்க்காரர்களின் விதி. ஆகவே எங்களுக்காக அவர் ஒவ்வொரு மாதமும் ஒரு புது வாடிக்கையாளரை உண்டாக்கினார். முதலில் மையத்தின் பெயரைத் திருப்பிப் போட்டார். பிறகு ரோஹானா பெயரில் ஒரு கம்பெனி வந்தது. பிறகு தோட்டம் பெருக்கும் முனியாண்டி ஒரு கம்பெனிக்கு டௌக்கே, அதாவது முதலாளி, ஆனார். "முனியாண்டி என்டர்பிரைஸ் எப்படி இருக்கு, டௌக்கே?" என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். முனியாண்டிக்கு ஒன்றும் விளங்காது. விற்பனை எங்கே என்று சிங்கப்பூரிலிருந்து கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இத்தனை பேர் சோதித்துப் பார்த்து ஒருவர்கூட வாங்கவில்லை என்றால் ஏஜெண்ட் மீது சந்தேகம் வருவது இயல்பு. ஏஜென்சியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அருளானந்தம் பயந்தார்.

ஒரு நாள் நேராகக் கேட்டேன். "ஏன் முடியாதுன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க?"

அவர் தன் இடக்கையைப் பார்த்தார். இரண்டு குழாய்களிலும் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அவர் அசைக்கக் கூடாது.

"இந்தக் கைய வெச்சுக்கிட்டு எப்படி மேடம் முடியாதுன்னு சொல்றது?"

விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் மையத்தில் நாற்காலிகள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். அறநிதி இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழு கூடி ஒவ்வொரு நோயாளியின் இடத்தையும் புதுப்பிக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் இடம் கிடைக்காமல்தான் அவர் கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் கிள்ளான்வரை வந்துகொண்டிருந்தார். அவரிடம் இலவசமாக எண் கேட்டவர்களும், அவருடைய நாற்காலியைப் புதுப்பித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதை வைத்து யாரும் அவரை மிரட்டவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை.

பிறகு ஒரு குழுக் கூட்டத்துக்கு அவரே வந்தார். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருந்தார். முழுக்கைச் சட்டை, டை. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"இன்னைக்கு நான் பேஷண்ட் இல்ல. ஏஜெண்டா வந்திருக்கேன். இனிமே சம்போங் கிடையாது. வாங்குனா வாங்குங்க, இல்லன்னா நானே வந்து கழட்டிடுறேன்" என்றார்.

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி பாஸ், இன்னைக்கு பேஷண்ட் இல்ல. நாளைக்கு?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. தலைவர் கெட்டவர் இல்லை. இந்தக் கட்டடத்தின் கூரை அவர் போட்டுக்கொடுத்தது. அது ஒரு கிண்டல், அவ்வளவுதான் என்று இன்றும் சொல்வார்.

அருளானந்தம் சிரிக்கவில்லை. "நாளைக்கு வருவேன், தலைவரே. வந்து படுப்பேன். அந்தச் சேர்ல படுக்கிறவன் நோயாளி. இங்க நிக்கிறவன் வியாபாரி. ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டாதீங்க."

நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய கால் நடுங்குவதை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

குழு வாங்கவில்லை. அவர் சொன்னபடி வந்து மென்பொருளை நீக்கினார். அதற்கு முன், அதில் இருந்த நோயாளிகளின் விவரங்களை எல்லாம் எந்த எண்ணும் கேட்காமல் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் சாதாரணக் கோப்புகளாக மாற்றி, டிஸ்கெட்டுகளில் போட்டு என்னிடம் தந்தார். அதற்கு ஒரு முழு மதியம் ஆனது. கோபித்துக்கொண்டு போகும் ஒருவர் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டேன்.

"கதவு பூட்டுனா வெளிய வர முடியாத வீட்ட நான் யாருக்கும் விக்கறதில்ல மேடம்" என்றார்.

எங்கள் புதுக் கம்ப்யூட்டர் அதன்பிறகும் இன்றுவரை கெடவில்லை. தலைவர் அதைத் தன் முடிவுக்குக் கிடைத்த சான்றாகச் சொல்வதுண்டு.

அடுத்த முறை நோயாளிகளின் இடங்களைப் புதுப்பிக்கும் கூட்டத்தில் அருளானந்தத்தின் பெயர் வந்தபோது, யாரோ ஒருவர் காத்திருப்போர் அதிகமாகிவிட்டதைப் பற்றிப் பேசினார். யாரும் அவர் இடத்தை மறுக்கவில்லை. "இப்போதைக்கு ஒரு மாசம் குடுப்போம். அப்புறம் பாப்போம்" என்று முடிவானது. மருத்துவக் காரணம் ஏதும் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அப்படியானால் மற்றவர்களைப் போல ஆறு மாதம் கொடுக்கலாமே என்றேன். "பாப்போம் மேடம்" என்றார்கள்.

அதன்பிறகு அவருக்கு மாதா மாதம்தான். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவருடைய நாற்காலிக்குப் போய், இந்த மாதமும் உண்டு என்று சொல்வது என் வேலையானது. நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார். "மேடம், அடுத்த மாசத்துக்கு கோட் வந்துடுச்சா?" என்பார். குரலில் கேலி இருக்கும். கண் என் முகத்தைவிட்டு நகராது. உண்டு என்று நான் சொல்லும்வரை பக்கத்து நாற்காலிக்காரர்கள்கூட என்னையே பார்ப்பார்கள். மகள் திருமணத்துக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தபோது, அந்த மாதத்தில் தனக்கு நாற்காலி இருக்குமா என்று தெரியாமல் எப்படிக் குறிப்பது என்று ஒரே ஒரு முறை கேட்டார். திருமணம் நடந்தது, அவரும் போய் வந்தார். ஆனால் பத்திரிகை அடிக்கும்வரை அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவர் இறந்தது இதயத்தால். அந்த மாதாந்தரக் காத்திருப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை, போடவும் இல்லை.

மையத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் தலைவர் பேசினார். அருளானந்தம் பெரிய மனசுக்காரர், மையத்துக்குத் தன் மென்பொருளை இலவசமாகவே கொடுத்தார் என்றார். அவர் கொடுக்கவில்லை. இல்லை என்று சொல்ல முடியாத இடத்தில் அவரை வைத்து நாங்கள் எடுத்துக்கொண்டோம். சொல்ல முடிந்த அன்று அவர் சொன்னார். அவரைப் புகழ வேண்டுமானால் அந்த நாளுக்காகப் புகழுங்கள்.

அவருடைய நாற்காலி இப்போது ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த சாந்தி என்ற பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். குழு அவளுக்கும் ஒரு மாதம் என்று எழுதியது. புது வழக்கம் அதற்குள் பழகிப்போயிருந்தது. அதை அவளிடம் போய்ச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள்.

முடியாது என்றேன். ஆறு மாதம் என்றால் நான் போய்ச் சொல்கிறேன், ஒரு மாதம் என்றால் உங்களில் யாராவது அந்த நாற்காலியின் பக்கத்தில் போய் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

"என்ன மேடம் இது, புதுசா? ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றார் தலைவர்.

"எனக்கு ஒண்ணும் வந்துடாது. அதான் முடியாதுன்னு நான் சொல்றேன்."

இவ்வளவு எளிதாகச் சொல்லக்கூடிய ஒன்றைத்தான் அருளானந்தம் கால் நடுங்கச் சொன்னார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது முடியாது என்ற அந்தச் சொல்தான். அவருக்கு அதன் விலை என்னவாக இருந்தது என்று தெரிந்தபின், விலையே இல்லாத நான் அதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

சாந்தியின் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. இன்று காலையும் அவள் வந்து படுத்தாள். எத்தனை நாளைக்கு என்று இன்னும் யாரும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை.