சீனத்தில் வைத்த பூ

என் மகளுக்குச் சீனாவில் கம்பெனி வேலை. கடலோரத்து ஊர். போன வருடம் "ஒரு மாசம் வந்து இரும்மா" என்று விசா, டிக்கெட் எல்லாம் அவளே எடுத்து அனுப்பினாள். சங்கரன்கோவிலில் எங்களுக்குச் சொந்தமாகத் தறி ஓடுகிறது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு மகன்தான் பார்க்கிறான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலைகள் தலைக்கு மேல் வருமுன் ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை ஒரு மீனவர் ஊருக்கு அழைத்துப்போனாள். அந்த ஊர்ப் பெண்கள் காலங்காலமாகக் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைப்பவர்களாம். அது செல்போனில் பரவி, இப்போது எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து, வாடகைக்கு உடுப்பு வாங்கி, அதேபோல் பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவில்கூட நான் அப்படி இடிபட்டதில்லை. சந்துக்குச் சந்து கடை, கடைக்குக் கடை கண்ணாடி முன்னால் பெண்கள். சிப்பி ஓடு பதித்த ஒரு பழைய சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்க நீள வரிசை. நிற்பவள் சிரித்து முடிக்குமுன் அடுத்தவள் முழங்கையால் தள்ளுகிறாள். ஊர் பார்க்க வந்தவர்கள் யாரும் ஊரைப் பார்க்கவில்லை, அவரவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேஷம் கட்டுவதற்கா இத்தனை அடிதடி என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மகள் ஒரு கடைக்குள் என்னை இழுத்துப்போய் உட்காரவைத்தாள்.

"நான் எதுக்குட்டி? நீ வச்சுக்கோ."

"ரெண்டு பேரும் வச்சாத்தாம்மா படம் நல்லாருக்கும்."

"அப்பா போனது மறந்துபோச்சா?"

"இங்கன யாரும்மா உன்னைப் பாக்கப்போறா?"

அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் வைத்தால் அது திருட்டுப் பூ. எழுந்துவிட்டேன். எனக்குத் தலை வாரக் காத்திருந்த வயதான பெண் என்ன விஷயம் என்று மகளிடம் கேட்டாள். அவளும் கொண்டை நிறையப் பூ வைத்திருந்தாள், அதே ஊர்க்காரி. மகள் சீன மொழியில் ஏதோ சொல்ல, அவள் சீப்பை ஆட்டிக்கொண்டே பதில் சொன்னாள்.

"என்னட்டி சொல்லுதா?"

"அவ புருஷன் கடலுக்குப் போயி திரும்பி வரலையாம். ரொம்ப வருஷமாச்சாம். 'செத்தது அவரு, நான் எதுக்குப் பூவை எடுக்கணும்'னு கேக்கா."

உட்கார்ந்துவிட்டேன். தலைமுடியை இழுத்துக் கட்டி, கொண்டை போட்டு, வெள்ளையாக ஒரு குச்சியைச் செருகி, மொட்டு மொட்டாகப் பூவைச் சுற்றினாள். மகள் தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து எனக்கு ஒட்டினாள். கண்ணாடியைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம். அதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி கல்யாணத்துலயும் நீ பூ வச்சுட்டுத்தாம்மா நிக்கணும். யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

நம்பினேன். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. மகன் கல்யாணத்தில் ஊரார் முன்னால் பூவோடு நிற்க வேண்டும்.

அன்று சிப்பிச் சுவர் முன்னால் வாடகை உடுப்பில், பூவோடு நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நானேதான் போட்டேன். வேஷம்தானே, சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கோயில் கொடை விழாவில் மீசைக்காரன் சேலை கட்டி ஆடினால் கைதட்டுகிற சனம் இது. புருஷனை இழந்தவள் பூ வைத்தால் மட்டும் அதை வேஷமாகக்கூட விட்டுவைக்காது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அவருடைய அக்காதான் முதலில் போன் போட்டார். "ஏட்டி, என்னட்டி கோலம் இது? எந்தம்பி போயி நாலு வருசம் ஆகல, அதுக்குள்ள கொண்டையில தோட்டம் போட்டிருக்கியே! பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க?"

அடுத்து மகன். திட்டவில்லை. "அதை அழிச்சிரும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அழித்தேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மகள் என் பக்கம் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் ஊர் திரும்பினேன்.

கல்யாணம் சங்கரன்கோவிலிலேயே. மகள் லீவு போட்டு வந்திருந்தாள். அன்று காலை மண்டபத்து அறையில் அவளுக்காகக் காத்திருந்தேன். தலை நிறையப் பிச்சிப்பூவோடு வந்தாள். "முதல்ல தாலி கட்டி முடியட்டும்மா, அப்புறம் வச்சுக்கிடலாம்" என்றாள். தாலி கட்டி முடிந்தது. "சாயங்காலம் ரிசப்ஷன்ல வச்சுக்கிடலாம்" என்றாள். எனக்குப் பாதி விளங்கிவிட்டது. இருந்தாலும் பெற்ற மனம், மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தேன்.

ரிசப்ஷனில் மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை வைத்துக் குடும்பப் படங்களை ஓட்டினார்கள். மகன் தவழும் படம், அவர் தறியோரம் நிற்கும் படம். அதற்குப் பிறகு, நானும் மகளும் சீனத்தில் எடுத்த படம். நெஞ்சு ஒருமுறை துள்ளியது. சிப்பிச் சுவர் அப்படியே இருந்தது. வாடகை உடுப்பும், மகள் கொண்டையைச் சுற்றிய பூவும் அப்படியே இருந்தன. என் தலையில் மட்டும் பூ இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டிபோல வெறும் கொண்டை. நெற்றியில் பொட்டும் இல்லை. இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லாத அளவுக்குச் சுத்தமான வேலை.

"இதுதான் லெச்சணம்" என்றார் அவருடைய அக்கா, என் தோளைத் தட்டி.

மகள் என் காதருகே குனிந்தாள். "நான்தாம்மா போன்லயே சரிபண்ணினேன். நீ இல்லாமப் படம் ஓடக்கூடாதுன்னுதான். கோவமா?"

"இல்லட்டி" என்றேன்.

அவர் இறந்தபோது ஊர்ப் பெண்கள் கூடி என் தலையிலிருந்து பூவை எடுத்தார்கள். அன்று அவர்களைத் தடுக்க இதே மகள்தான் என்னைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். இந்தமுறை எடுத்தது அவள். கத்துவதற்கு எனக்கு ஆளில்லை.