கெண்டைக்காலில் ஒரு தழும்பு

அந்த மிருக வைத்தியர் யாரோடு கதைத்தாலும், காற்சட்டையின் இடது காலை உயர்த்திக் கெண்டைக்காலைத் தடவிக்கொள்வார். அங்கிருந்த தழும்பு எங்கள் நாய் ஜிம்மி கடித்தது. அது கடித்த அன்று சந்தைக்கு முன்னால் நின்று வயிறு குலுங்கச் சிரித்தவன் நான்.

யுத்தகாலத்தில் ஒருநாள், என் மனைவியின் இரும்புச்சத்துக் குளிசைகளை ஜிம்மி விழுங்கிவிட்டது. நாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு துறைமுக வீதியால் ஓடினேன். அழுதது நான்தான். ஜிம்மி என் காதை நக்கிக்கொண்டு வந்தது.

"உப்புத்தண்ணி ஏதும் பருக்கினீங்களோ?"

"இல்லை டொக்டர்."

"நல்லது. அதுவே நாயைக் கொன்றுபோடும். குளிசை மட்டை எங்க?"

கடித்த மட்டையை நீட்டினேன். பார்த்துவிட்டு, ஊசி போட்டு வாந்தியெடுக்க வைத்தார். ஜிம்மி பிழைத்தது. பிறகு காற்சட்டையை உயர்த்தினார்.

"ஒரு கிழமைக்கு நாயின்ர மலத்தைத் தகரப் பேணியில போட்டு, காலமை காலமை கொண்டு வாங்கோ. ரத்தம் போகுதோ எண்டு பாக்கவேணும்."

வழியில் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றி. முதல்நாள் பேணியைத் தானே திறந்து பார்த்த ஆமிக்காரன், மறுநாளிலிருந்து நானே அதைத் திறந்து கிளறிக் காட்டவேண்டும் என்றான்.

வைத்தியரோ ஒருநாளும் திறக்கவில்லை. வாங்கி அப்படியே குப்பைக்குள் போட்டார். கடைசிநாள் ஜிம்மியோடு போய்க் கேட்டேன்.

"டொக்டர், நீங்கள் பாக்கவே இல்லையே?"

"சென்றியில வடிவாப் பாத்திருப்பாங்கள்தானே," என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

வீடு வரும்வரை, தழும்பில்லாத அவருடைய வலது காலைப் பற்றியே ஜிம்மியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.