டீச்சர் கார்டுக்கு ஒரு படி மேலே

செல்வதுரை அண்ணாச்சிக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. இருந்த ஒரே வியாதி சம்பந்தியம்மாதான்.

தூத்துக்குடியில் எங்களுக்குக் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஆபீஸ். அண்ணாச்சி வார்ஃப் கிளார்க். காலையில் துறைமுகத்துக்குள் போய்க் கண்டெய்னர் வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் என் பக்கத்து மேஜையில் வந்து உட்காருவார். மனைவி இறந்தபோது மகள் ஈவாஞ்சலின் நாலாம் வகுப்பு. அவர் வேறு கல்யாணம் செய்யவில்லை. ஃபைல் கட்டுகிற நூலை நாற்காலி முதுகில் கட்டிவைத்து, எங்களிடம் கேட்டுக் கேட்டுச் சடை பின்னப் பழகின மனுஷன் அவர்.

மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனாள். மாமியார் ஜெபகனி, நாசரேத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர். அந்த டீச்சரிடம் ஒரு கிரெடிட் கார்டு உண்டு. விமானக் கம்பெனியோடு சேர்ந்து வங்கி கொடுக்கிற கார்டு. மளிகை, மருந்து எது வாங்கினாலும் அதில் தேய்ப்பார், பாயிண்ட் சேரும், சேர்ந்த பாயிண்டுக்கு டிக்கெட் எடுத்து மகனைப் பார்க்கப் பறந்துவிடுவார். போகிறபோது அதே கார்டைக் காட்டிச் சென்னை ஏர்போர்ட் லவுஞ்சில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற தட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவார். கீழே, ‘எல்லாம் இலவசம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்’ என்று ஒரு வரி.

அண்ணாச்சி அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்.

“ஏளா பெர்சி, இங்கன பாரு. தோசை, வடை, போதாததுக்குக் கேக்கு. ஓசின்னா அந்தம்மா வயித்துக்கு அளவே கிடையாது போல.”

“உங்களுக்கு ஏன் எரியுது அண்ணாச்சி? அவங்க வயிறு, அவங்க தோசை” என்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போன் திறக்கும், மறுபடியும் அதே தட்டு.

அதுவரைக்கும் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் மகள் போனில் பேசும்போது, “அம்மா நேத்துதாம்ப்பா ஊருக்குக் கிளம்புனாங்க” என்றாள்.

“எந்த அம்மா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“அத்தையச் சொல்லுதேம்ப்பா. அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டு.”

அன்றைக்கு அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. “ஓசி டிக்கெட்ல போய்ப் போய் எம் பிள்ளைய வாங்கிட்டாவ, பாத்தியா?” என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அப்புறம் மகள் உண்டாகியிருக்கிற செய்தி வந்தது. ஜனவரி முதல் வாரம் பிரசவம். தலைப்பிரசவம் பெண்வீட்டார் உரிமை என்பது எங்கள் பக்கத்தில் யாரும் விவாதிக்கிற விஷயமில்லை. “அவ அம்மா இல்லேன்னா என்ன, நான் இருக்கேன்லா. பிள்ளைய மொதல்ல நாந்தான் கையில வாங்கணும். அதுவும் பாயிண்ட்ல போய் வாங்கணும்” என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் என் கம்ப்யூட்டரில் கார்டு பார்க்க உட்கார்ந்தோம். முதல் கார்டு, எங்கள் ஊர் வாகைக்குளம் ஏர்போர்ட்டில் இறங்கவே இறங்காத விமானக் கம்பெனியுடையது. அதைத் தள்ளிவிட்டோம். இரண்டாவது நன்றாக இருந்தது. வருஷக் கட்டணத்தைக் கட்டினால் போதும், சிங்கப்பூர் போகிற அளவுக்குப் பாயிண்ட் அந்த மாதமே ஏறிவிடும்.

“இதை எடுங்க அண்ணாச்சி. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.”

“இது டீச்சர் வச்சிருக்க கார்டுல்லா?”

“ஆமா. அதனால என்ன?”

“அந்தம்மாவப் பாத்து நானும் எடுத்தேன்னு ஆயிரும். இதுக்கு மேல எது?”

மேலே ஒன்று இருந்தது. கறுப்புக் கார்டு. கட்டணம் இரண்டு மடங்கு. பாயிண்ட் நிறைய, ஆனால் சும்மா வராது. ஒரு பெருந்தொகைக்குச் செலவு செய்து, அந்த பில்லையும் கட்டின பிறகுதான் வரும். நான் அதைச் சத்தமாகவே படித்துக் காட்டினேன். அவர் காதில் விழுந்தது, ‘மனைவி மக்களோடு லவுஞ்சில் உட்காரலாம்’ என்கிற வரி மட்டும்தான். டீச்சர் கார்டில் ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. கறுப்பையே எடுத்தார்.

அதிலிருந்து தூத்துக்குடியில் யார் எதை வாங்கினாலும் அண்ணாச்சி கல்லா பக்கத்தில் நின்றார். சபையில் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்குச் சேலை எடுத்தார்கள், அண்ணாச்சி தேய்த்தார். ஆபீஸ் கஸ்டமர்களுக்கு மக்ரூன் பெட்டி வாங்கினோம், அண்ணாச்சி தேய்த்தார். நான் மிக்ஸி வாங்கப் போனேன், பணத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவரே தேய்த்தார். நல்ல மனுஷன், எல்லோருக்கும் முந்திக்கொண்டு கொடுக்கிறார் என்று சபையில் பேச்சு.

நவம்பரில் மகள் கேட்டாள். “டிசம்பர் பொறந்ததும் வந்திருதியளாப்பா? எனக்கு ஒரு மாதிரி பயமா இருக்கு.”

“டிக்கெட்டெல்லாம் ரெடிம்மா. வந்துருவேன்” என்றார். விசாவைத் தவிர வேறொன்றும் ரெடி இல்லை. செலவுத் தொகை நிறைந்திருந்தது, பாயிண்ட் ஏறவில்லை. அடுத்த பில்லோடுதான் ஏறுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கையில பணம் இருக்குல்லா அண்ணாச்சி? டிக்கெட்டை எடுத்துட்டுப் போங்களேன். அது பயப்படுது.”

“அந்தம்மா ஓசியில போயி இறங்குவாவ, நான் காசு கொடுத்துப் போணுமாக்கும்? இன்னும் நாள் இருக்கு, சும்மா இரு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, வெகுகாலமாகப் பார்க்காத ஒரு சந்தோஷத்தோடு சொன்னார்: “டீச்சர் இந்தத் தடவை போகலையாம். பாயிண்ட் தீந்துபோயிருக்கும்.”

டிசம்பர் பிறந்தது, பாயிண்ட் இன்னும் ஏறவில்லை. மாத நடுவில் ஒரு மத்தியானம் மருமகனிடமிருந்து போன் வந்தது. குழந்தை முந்திக்கொண்டுவிட்டது. ஆபரேஷன், பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். மருமகன் நன்றி சொல்லி ஜெபித்துவிட்டுப் போனை மகளிடம் கொடுத்தான். ஆபீஸில் எல்லோரும் கேட்கட்டும் என்று அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

மகள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. “உள்ள கொண்டு போகும்போது ரொம்பப் பயந்துட்டேம்ப்பா. இவங்களத் தவிர யாருமே இல்ல.”

“டீச்சராவது வந்திருக்கலாம்லா?” என்றார் அண்ணாச்சி. அந்த நேரத்திலும் குரலில் ஒரு குத்தல் இருந்தது. எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது.

“அத்தை போன மாசமே டிக்கெட் போட்டுட்டாங்கப்பா. நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். மொதல்ல எங்க அப்பாதான் பிள்ளையத் தூக்கணும், அவங்க வாரேன்னு சொல்லிட்டாங்க, நீங்க அப்புறமா வாங்கன்னு சொல்லி நாந்தான் கேன்சல் பண்ண வச்சேன். அவங்களும் சரி மக்கா, அது அப்பாவுக்கு உள்ளதுன்னுட்டாங்க.”

போனில் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

“அப்பா?” என்றாள் அவள். “அப்பா, இருக்கியளா?”

இருந்தார். தூத்துக்குடியில், என் பக்கத்து மேஜையில்.