ஆளுக்கு ஒரு பக்கம் திறக்கும் கேட்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்த பேர் ‘எதை வச்சு’. யார் என்ன சொன்னாலும், "எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்பார். அதற்குத்தான் சம்பளமே. அடித்துக்கொண்ட தெருக்களில் சமாதானம் பண்ணிவைக்கத் திட்டம் போடுவார்கள் அல்லவா, அது நிஜமாகவே பலித்ததா, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம் என்று கண்காணிக்கிற குழுக்களுக்கு இவர் பயிற்சி கொடுக்கிறார். கல்யாணமான புதிதில், "என்மேல பிரியம் இருக்கா?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். "முதல்ல எவ்வளவு இருந்துச்சுன்னு குறிச்சு வைக்காம இப்ப எப்படிச் சொல்றது?" என்றார். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு மாடியில் குடியிருக்கும் சொந்த அண்ணனோடு ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். வாசல் கேட் உள்பக்கம் திறக்க வேண்டுமா, வெளிப்பக்கமா என்று தகராறு. கடைசியில் ஆளுக்கு ஒரு கதவாகப் பிரித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் இடது கதவு உள்ளே திறக்கும், வலது கதவு வெளியே திறக்கும். புதிதாக வருகிறவர்கள் நடுவில் நின்று முழிப்பார்கள்.

போன மாசம் துணி காயப்போடும்போது என் ஓரகத்தி கண் கலங்கிச் சொன்னாள். மாடியை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்கே போகப் போகிறார்களாம். இவரிடம் சொன்னேன். "போகட்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அலுவலகக் கூரை ஒழுகியது. பயிற்சி எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. ஆறு பேர். செய்முறைக்காக அவர்கள் போக வேண்டிய தெருவிலோ சண்டைக்காரர்கள் திடீரென்று ராசியாகி, ஒரே பஸ்ஸில் சுற்றுலா போய்விட்டார்கள்.

"சண்டையே இல்லாம நாங்க எப்படி சார் கத்துக்கிறது?" என்று குழுவில் மூத்தவளான கண்ணாடிக்காரி கவலைப்பட்டாள்.

காப்பி கொடுத்துக்கொண்டிருந்த நான், "மேல ஒண்ணு இருக்கு" என்றேன்.

இவர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஆனால் ‘பக்கத்தில் இருக்கிற பிரச்சினையைத் தாண்டிப் போகாதே’ என்று அவரே எழுதி ஒட்டிய தாள் தலைக்கு மேல் தொங்கியது. வேறு வழியில்லாமல் குழுவை இரண்டாகப் பிரித்தார். மாடியில் அண்ணனைச் சம்மதிக்க வைத்தது ஓரகத்தி.

ஆறு நாள் நோட்டும் கையுமாக மூன்று பேர் கீழே, மூன்று பேர் மாடியில். இவர் காலையில் காப்பி குடித்துவிட்டு, கூரை வேலையைப் பார்க்க ஸ்கூட்டரில் அலுவலகம் போய்ச் சாயந்திரம் திரும்புவார். நான் பாத்திரம் தேய்த்தால்கூட ஒருவன் மணி பார்த்தான். மேலே அண்ணன் தும்மினார், கீழே இவர் தலையை நிமிர்த்தினார். அது தொடர்பா, தற்செயலா என்று அரை மணி நேரம் விவாதம். ஓரகத்தியும் நானும் துணிக்கொடியில் பேசிக்கொள்வதை ‘அதிகாரபூர்வமற்ற பேச்சுவார்த்தை’ என்று எழுதிக்கொண்டார்கள். நாங்கள் என்னவோ கத்தரிக்காய் விலையைத்தான் பேசினோம்.

ஏழாம் நாள் முடிவை வாசிக்க வேண்டும். இரண்டு தரப்பும் நேரில் கேட்டு ஒத்துக்கொண்டால்தான் செல்லும் என்பது இவர் வைத்த விதி. அண்ணன் வந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் கூடத்துக்குள் வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

கண்ணாடிக்காரி வாசித்தாள். "பேச்சு, பூஜ்யம். காலையில மேல நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் கீழ சார் காப்பியை வாயில வைக்கிறார். ஆறு நாள்ல ஆறு தடவை. சாயந்திரம் கீழ ஸ்கூட்டர் சத்தம் கேட்ட பிறகுதான் மேல பெரியவர் சாப்பிட உட்கார்றார். அதுவும் ஆறு தடவை."

காப்பியை இப்படி ஆறவைக்கிறாரே என்று ஒன்பது வருஷமாகத் திட்டித் தீர்த்தவள் நான்.

"அது தப்பு" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தே. "அஞ்சுன்னு போடுங்க."

"எதை வச்சு சொல்றாராம்? கேளும்மா" என்றார் இவர், கண்ணாடிக்காரியிடம்.

"வியாழக்கிழமை நான் சாப்பிடவே இல்லன்னு சொல்லும்மா."

கண்ணாடிக்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. வியாழக்கிழமை மழை வரும்போல இருந்ததால் மாடிக்குழு சீக்கிரமே கிளம்பிவிட்டதாம். மற்ற நாளெல்லாம் அப்படித்தானே என்று அந்தக் கட்டத்தையும் நிரப்பிவிட்டார்கள். பார்க்காததை எழுதுவது இவரைப் பொறுத்தவரை கொலைக்குற்றம். வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். குதிக்கவில்லை. அந்த வியாழக்கிழமை இவர் ஸ்கூட்டர் பஞ்சர். வண்டியைக் கடையில் விட்டுவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

இவர் நேராக அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏன் சாப்பிடல?"

"நீ வரலையே."

யாரும் எதையும் எழுதவில்லை. கண்ணாடிக்காரி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே" என்றாள்.

"பேனாவைக் கீழ வைம்மா" என்றார் இவர்.

மறுநாள் காலையில் வீட்டுத் தரகர் வந்தார். இடது கதவை வெளியே இழுத்தும் வலது கதவை உள்ளே தள்ளியும் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தார். அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"இப்ப விக்கிறதா இல்லீங்க. இந்த கேட் எந்தப் பக்கம் திறக்கணும்னு எங்களுக்குள்ள இன்னும் முடிவாகல."

"உள்பக்கம்தான்" என்றார், காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்த என் வீட்டுக்காரர்.

"எதை வச்சுடா சொல்ற?"

இவர் டம்ளரை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கேட்டைத் தொட்டுக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.